உங்கள் ஊரை மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறார்களா?

தரமணிக்குப் பக்கத்து ஊர் பெருங்குடி. ஓ.எம்.ஆரில் தெற்கே கொஞ்ச தூரம் போனால் வந்துவிடும். ஆனால் 2011 அக்டோபர் வரை தரமணி சென்னை மாநகராட்சிக்குள் இருந்தது, பெருங்குடி தனிப் பேரூராட்சி. சென்னையின் குப்பை மட்டும் அப்போதே பெருங்குடியில்தான் கொட்டப்பட்டது! லாரி எல்லையைத் தாண்டி வரும். அந்த லாரியை அனுப்பும் மன்றத்துக்கு ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கப் பெருங்குடிக்காரருக்கு ஓட்டு கிடையாது.

2011-இல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என மொத்தம் 42 உள்ளாட்சிகள் சென்னையோடு இணைந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது. வார்டுகள் 155-இலிருந்து 200 ஆயின. பெருங்குடிக்கும் ஓட்டு வந்தது.

சரி, ஓட்டு வந்ததும் எல்லாம் வந்துவிட்டதா? இல்லை. மாநகராட்சி எல்லை மாறினாலும் மாவட்ட எல்லை மாறவில்லை. 2018 வரை பெருங்குடி காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்தது. தெருவிளக்கு எரியலைன்னா ரிப்பன் மாளிகை, கலெக்டரிடம் மனு கொடுக்கணும்னா காஞ்சிபுரம். குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் இணைந்த பகுதிகளுக்கு மெதுவாகத்தான் வந்தன. சில தெருக்காரர்கள் பத்து வருஷத்துக்கு மேல் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள்.

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு என்றால், சின்ன நகரங்களும் அதே வழியில் வளர்கின்றன. 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் பக்கத்து ஊராட்சிகள் சிலவும் அதில் சேர்ந்தன. நாமக்கல், புதுக்கோட்டை, திருவண்ணாமலை நகராட்சிகளும் அதே ஆண்டு சுற்றுப்புற ஊராட்சிகளோடு மாநகராட்சிகள் ஆயின. அடுத்து உங்கள் ஊராகவும் இருக்கலாம்.

ஓர் ஊரை நகரம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அரசியலமைப்பின் 243கியூ பிரிவு சில அளவுகோல்களைச் சொல்கிறது. மக்கள்தொகை, மக்கள் நெருக்கம், உள்ளாட்சிக்கு வரும் வருவாய், விவசாயம் அல்லாத வேலையில் இருப்பவர்களின் விகிதம், ஊரின் பொருளாதார முக்கியத்துவம். நீங்கள் ஆட்சேபம் எழுதுவதாக இருந்தால் இந்த ஐந்தையும் வைத்தே எழுதுங்கள். ‘எங்களுக்கு வேண்டாம்’ என்று ஒற்றை வரி எழுதுவதைவிட, ‘எங்கள் ஊரில் பெரும்பாலான குடும்பங்கள் இன்னும் நடவு, களையெடுப்பு வேலையில்தான் இருக்கின்றன’ என்று கணக்கோடு எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பெரிய பயம் வரிதான். ஒரு உதாரணம்: 2022 சொத்துவரிச் சீராய்வில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு, சென்னையின் பழைய எல்லைக்குள் 50 சதவீத உயர்வு. 2011-இல் சேர்ந்த பகுதிகளில் 25 சதவீதம்தான். அதாவது தரமணியில் ஒரு கணக்கு, பெருங்குடியில் இன்னொரு கணக்கு. வசதி முழுசா வராத இடத்தில் முழு உயர்வைக் கேட்காதது சரியே என்பது என் கருத்து. எனவே உங்கள் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி, ‘வரி ஏறுமா?’ என்பது மட்டும் அல்ல. ‘எந்த மண்டல விகிதம்? எப்போதிலிருந்து?’ என்று கேளுங்கள்.

வரியைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் திட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியது. ஊராட்சி நகர்ப்புற உள்ளாட்சியானால் அந்த அட்டைக்கு அங்கே வேலை இல்லை. அதனால்தான் இணைப்பு அறிவிப்பு வந்ததும் முதலில் கலெக்டர் அலுவலகத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் அந்த வேலையை நம்பியிருக்கும் பெண்கள். ஊரக வீட்டுவசதித் திட்டங்களும் அப்படித்தான். கிராம சபை போய், அதற்குப் பதில் வார்டு அளவில் பகுதி சபை வரும். பட்டா, சிட்டா மட்டும் வருவாய்த் துறையின் வேலை, ஊராட்சி மாநகராட்சியானால் அவை செல்லாமல் போகாது. ‘பட்டா மாத்தித் தரேன்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அரசு அறிவிக்கை வந்தால் அதை முழுசாகப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல் அரசிதழ் ஆகாது. எந்த ஊராட்சி முழுவதுமாகச் சேர்கிறது, எதில் ஒரு பகுதி மட்டும் சேர்கிறது என்று பாருங்கள். பகுதி என்றால் உங்கள் சர்வே எண் எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் முக்கியம். ஆட்சேபம் அனுப்ப வேண்டிய முகவரியும் கெடு தேதியும் அதிலேயே இருக்கும். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், போட்டதோடு நிற்காதீர்கள். அரசு அந்தத் தீர்மானத்தைப் பரிசீலிக்கலாம், ஆனால் அது அரசைக் கட்டுப்படுத்தாது. அதனால் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது. ஆதரிப்பவர்களும் எழுதலாம். சாக்கடைத் திட்டம் எந்த வருஷம் வரும் என்று அதிலேயே கேளுங்கள்.

இணைப்பு உறுதியானால், ஊராட்சி கொடுத்த வீட்டு வரி ரசீது, குடிநீர்க் கட்டண ரசீது, கட்டட அனுமதி மூன்றையும் போனில் ஸ்கேன் செய்து வையுங்கள். பதிவேடுகள் கைமாறும்போது பழைய பாக்கி என்று ஒரு நோட்டீஸ் வரக்கூடும். அப்போது அந்த ரசீதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.