தம் பிழையைத் தாமே உரைத்த வானநூலறிஞர்

ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவு பிழைத்துவிட்டால் நாம் முதலில் தேடுவது யாது? ரப்பர் துண்டையே தேடுகிறோம். எழுதிய எண்ணைத் துடைத்து, எதிர்பார்த்த எண்ணை வைத்துவிட்டாற் காரியம் முடிந்ததென்று இருக்கிறோம். இதை எழுதுபவனும் அப்பழக்கத்துக்கு விலக்கானவன் அல்லன். இங்கே கூறப்புகுவது, உலகமெல்லாம் படித்துவிட்ட தம் கணக்கைத் துடைக்கவியலாத நிலையில் நின்ற ஒருவரது வரலாறு.

இங்கிலாந்திலே, மாஞ்செஸ்டர் சர்வகலாசாலையைச் சார்ந்த ஜோட்ரல் பாங்க் என்னும் வானாராய்ச்சி நிலையத்தில் ஆண்ட்ரூ லைன் என்பவர் பல்சார் எனப்படும் துடிப்பு விண்மீன்களை ஆராய்ந்து வந்தார். இவை சுழலுந்தோறும் ரேடியோ அலைகளைக் கடிகாரம்போல் தவறாது அனுப்புவன. அவற்றுள் ஒன்றன் துடிப்பு சற்று முந்தியும் சற்றுப் பிந்தியும் மாறி மாறி வருவதை அவரும் கூட்டாளிகளும் கண்டனர். கோள் ஒன்று அம்மீனைச் சுற்றி வந்து அதனை இழுத்து அசைப்பதாலேயே இவ்வாறு நிகழ்கின்றதெனத் துணிந்து, 1991 ஜூலையில் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டனர். ஞாயிறல்லாத பிறிதொரு மீனுக்குக் கோள் உண்டென்பது அக்காலத்தில் உறுதிப்படாத செய்தி. ஆதலின் அது பெரும் பேச்சாயிற்று. அக்கோள் ஆறு திங்களுக்கொருமுறை சுற்றுவதாகக் கணக்கிட்டிருந்தனர்.

அந்த ஆறு திங்களிலேதான் வினை இருந்தது. நாம் நிற்கும் பூமியும் அசைவதன்றோ? தன் பாதையில் அது அம்மீனுக்கு அணித்தாய பக்கத்தில் இருக்குங்கால் துடிப்பு முந்தியும், மறுபக்கத்தில் இருக்குங்கால் பிந்தியும் வந்து சேரும். இவ்வேறுபாட்டைக் கழித்த பின்னரே மீனின் உண்மையான அசைவு புலப்படும். கழிப்பதற்கு, மீன் வானில் இருக்குமிடம் நுட்பமாகத் தெரிதல் வேண்டும். முதலிற் கொண்ட இடம் சிறிது பிசகியிருந்தது. அதனைச் சரிக்கட்டுகையில், பூமியின் பாதை நீள்வட்டம் என்பதற்கு உரிய இடம் கணக்கில் அளிக்கப்படவில்லை. வட்டத்துக்கும் நீள்வட்டத்துக்கும் உள்ள அச்சிறு வேற்றுமை ஆண்டுக்கு இருமுறை ஏறியிறங்கும். அதுவே கோளாகத் தோன்றியது. பள்ளிச் சிறுவனும் அறிந்த செய்தி பேரறிஞர் கணக்கிலும் நழுவும் போலும்!

1992 ஜனவரியில் அட்லாண்டா நகரிற் கூடிய அமெரிக்க வானநூற் சங்கத்தில் இக்கோளைப் பற்றி லைன் பேசுவதாக இருந்தது. அதற்குச் சின்னாள் முன்னரே அவர் பிழையைக் கண்டார். உடல்நலமில்லையென்று எழுதிவிட்டு ஊரிலேயே தங்கியிருக்கலாம். பின்பு எங்கேனும் ஒரு மூலையிற் சிறு திருத்தம் அச்சிட்டிருக்கலாம். அவரோ கடல் கடந்து சென்றார். நிறைந்த அவையில் எழுந்து, கோள் இல்லை என்றும், பிழை இன்னவிடத்தில் இன்னவாறு புகுந்தது என்றும் மறையாது விளக்கினார். உரை முடிந்ததும் அவையோர் எழுந்து நின்று கைகொட்டினர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ‘தவறு நேர்ந்தது, பொறுத்தருள்க’ என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால் எவர்க்கும் பயனில்லை. எவ்வாறு நேர்ந்தது என்பதையும் உரைத்தமையால், அவ்வழியே செல்வோர் தத்தம் கணக்கைச் சோதித்துக்கொள்ள முடிந்தது. அடுத்துப் பேச எழுந்தவரோ, வேறொரு பல்சாருக்கு இரு கோள்கள் உண்டென்று சொல்ல வந்த அலெக்சாண்டர் வோல்ஷ்சான்! கேட்போர் மனத்தில் ஐயம் எழாதிருக்குமோ? ஆனால் அவருடன் உழைத்த டேல் ஃப்ரெயில் அம்மீனின் இருப்பிடத்தை வேறொரு தொலைநோக்கித் தொகுதியால் தனியே அளந்திருந்தார். கோள்களின் சுற்றுக்காலமும் ஏறத்தாழ 67 நாளும் 98 நாளுமாய், நம் ஆண்டோடு ஒட்டாது நின்றது. அவ்விரு கோள்களும் இன்றளவும் மெய்யெனவே கொள்ளப்படுகின்றன.

லைன் பின்னும் பல்சார்களையே ஆராய்ந்து வந்தார். ஒன்றையொன்று சுற்றும் இரு பல்சார்களைப் பற்றி 2004-ல் வெளிவந்த கட்டுரையில் முதலாவதாக நிற்கும் பெயர் அவருடையதே.