திறந்த வைஃபை: பூட்டாத கடை

கடை சாத்தும்போது பூட்டை ஒன்றுக்கு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பவர்கள் நாம். அதே கடையில் இரவு பகலாக ஓடும் வைஃபைக்குப் பூட்டு உண்டா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

வைஃபை அலை சுவரோடு நிற்பதில்லை. நேரு வீதிக் கடை ஒன்றின் அலை நடைபாதைக்கும் மாடிக்கும் அடுத்த கடைக்கும் எட்டும். பாஸ்வேர்டு இல்லையென்றால் தெருவில் நிற்கும் எவரும் நுழையலாம். ‘போனால் கொஞ்சம் நெட்தானே’ என்று இருந்துவிடக் கூடாது.

2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்து 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதன் தடம் பிடித்துச் சென்ற போலீசார், நவி மும்பையில் வாடகைக்குக் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டை அடைந்தனர். கம்ப்யூட்டர்களை எடுத்துச் சென்று விசாரித்தனர். அவருடைய பூட்டாத வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியது பிறகுதான் புலப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பு மின்னஞ்சலும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் திறந்த வைஃபை வழியாகவே போயிற்று.

இணைப்பு யார் பெயரில் உள்ளதோ, முதல் கேள்வி அவரிடமே வரும். நாம் குற்றமற்றவர் என்று தெளிவாகும் வரை கடை என்னாவது?

நமக்குள்ள இன்னோர் ஆபத்து, பில் போடும் கம்ப்யூட்டரும் அதே இணைப்பில் இருப்பது. உள்ளே வந்தவர் கொள்முதல் விலை, கடன் பாக்கி, வாடிக்கையாளர் நம்பர் எல்லாவற்றையும் எட்டிப் பார்க்க முயலலாம்.

எங்கள் கடையில் இணைப்புக் கொடுக்க வந்தவர், கடை டெலிபோன் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்துப் போனார். அந்த நம்பரோ வாசல் போர்டிலேயே இருக்கிறது! மாதக்கணக்கில் நாங்களும் கவனிக்கவில்லை.

செய்ய வேண்டியவை:

1. ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பு போடச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும்.

2. ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்கத் தனி பாஸ்வேர்டு உண்டு. கம்பெனி வைத்து அனுப்பியதை அப்படியே விடாமல் மாற்றுங்கள்.

3. வாடிக்கையாளருக்கு வைஃபை தருவதானால் ‘கெஸ்ட்’ இணைப்பு தனியே கொடுங்கள். கடைக் கம்ப்யூட்டர் அதில் வேண்டாம்.

4. வேலையாள் விலகினால் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

5. சரக்கெடுக்க வெளியூர் போகையில், பெயர் தெரியாத இலவச வைஃபையில் பணம் அனுப்பாதீர்கள். சொந்த டேட்டாவே போதும்.

செல்போன் இன்று நம் இரண்டாவது கல்லாப்பெட்டி. அதற்குத் திரைப்பூட்டு கட்டாயம். வாட்ஸ்அப்பில் ‘பில்’, ‘அபராதம்’ என்று வரும் ஏ.பி.கே. ஃபைலைத் திறக்கவே கூடாது. போன் தொலைந்தால் உடனே சிம்மை முடக்கி வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930-க்குப் பேசுங்கள். பணம் கைமாறிப் போகுமுன் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

இன்று கடை சாத்துமுன் நம் வைஃபைக்கும் ஒரு பூட்டுப் போடுவோமாக.