இரண்டு குடம் நீர்

நுழையும்முன்

பாட்டி சொன்ன கதை பாட்டியோடு முடிந்துவிடுவதில்லை. சோறூட்டும் நேரத்தில் பிறந்த கதையொன்று கன்னட நாட்டின் அடுக்களையிலிருந்து புறப்பட்டு, திரைப்படமாகி, ஐரோப்பிய மாநகர் ஒன்றின் இசையரங்கையும் அடைந்தது. அக்கதை எதனை உடன் எடுத்துச் சென்றது, எதனை வழியில் விட்டுச் சென்றது என்பதை ஆராய்கிறது இப்பாடம்.

அடுக்களையும் அகமும்

1929ஆம் ஆண்டு மைசூரில் பிறந்தவர் அ. கி. இராமானுசன். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பம். கீழ்வீட்டில் தாயின் தமிழ், மாடியறையில் கணிதப் பேராசிரியரான தந்தையின் ஆங்கிலம், தெருவில் இறங்கினால் கன்னடம் என மும்மொழிச் சூழலில் அவர் வளர்ந்தார். பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1967இல் குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து நூலாக வெளியிட்டு, சங்க இலக்கியத்தை உலகம் திரும்பிப் பார்க்கச் செய்தவர் அவரே.

கவிதைக்கு நிகராக அவர் நேசித்தது நாட்டார் கதைகளை. படிப்பறியாப் பெண்கள் சொன்ன கதைகளைக் கேட்டுத் தொகுப்பதைத் தம் இளமையிலேயே தொடங்கி, இறுதிவரை அப்பணியை விடாமல் செய்தார். அவர் 1993இல் மறைந்த பின், 1997இல் அத்தொகுப்பு அச்சேறியது. 'பூக்கும் மரம்' என்னும் கதையின் பெயரே நூலுக்கும் பெயராயிற்று.

கதைகளை வகைப்படுத்த அவர் எடுத்துக்கொண்ட கருவி தொல்காப்பியம் தந்த அகம், புறம் என்னும் பாகுபாடாகும். வீட்டினுள் மூதாட்டி குழந்தைகளுக்குச் சொல்லும் கதை அகம் சார்ந்தது. அதில் வரும் மாந்தர்க்குப் பெயரில்லை. ஓர் ஊர், ஓர் அரசன், ஒரு கிழவி, அவ்வளவே. ஊர்மன்றில் கலைஞர் நிகழ்த்தும் கதை புறம் சார்ந்தது. அங்கே மாந்தர்க்குப் பெயரும் ஊருக்கு எல்லையும் வந்துவிடும். அகத்திணை மாந்தரைச் சுட்டி ஒருவர் பெயர் கூறப்பெறாது என்னும் தமிழ் மரபைக் கற்ற மாணவர்க்கு, இவ்வொப்பீட்டின் நுட்பம் எளிதில் விளங்கும். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய இலக்கணக் கோட்பாடு ஒன்று, கன்னடக் கிழவியின் கதைக்கும் பொருந்தி நிற்பது வியப்பிற்குரியது.

தமக்கையும் தங்கையும்

ஓர் ஊரில் ஏழைக் கிழவி ஒருத்தி. அவளுக்குப் பெண்மக்கள் இருவர். கூலி வேலை செய்து தாய் படும் பாட்டைக் காணப் பொறாத இளையவள், ஒருநாள் தமக்கையிடம் ஒரு செய்தி சொல்கிறாள். தான் மரமாக மாறப் போவதாகவும், பூக்களைக் கொய்து விற்றுப் பணம் சேர்க்கலாம் என்றும் கூறுகிறாள்.

தேவதையோ மந்திரக்கோலோ இக்கதையில் இல்லை. வேண்டுவன இரண்டு குடம் நீர் மட்டுமே. ஆனால், அந்நீருக்கு நெறியுண்டு. கொண்டுவரும்போது நகம் படலாகாது. ஒரு குடத்து நீரை இளையவள் மீது ஊற்றினால் அவள் பூத்துக் குலுங்கும் மரமாவாள். தளிர் ஒடியாமல், இலை கிழியாமல் வேண்டிய பூக்களை மட்டும் கொய்த பின், மறு குடத்து நீரை ஊற்றினால் மீண்டும் பெண்ணாவாள். தமக்கை அவ்வாறே செய்கிறாள். பூவைத் தொடுத்து அரண்மனையில் விற்கிறார்கள். வந்த காசைத் தாயறியாமல் மறைத்து வைக்கிறார்கள்.

மாயம் நிகழ்வது ஒருத்திக்கு. அது தீங்கின்றி முடிவது மற்றொருத்தியின் கையில் இருக்கிறது. மரமாக நிற்கும்போது தங்கையால் பேச இயலாது, விலக இயலாது, தடுக்கவும் இயலாது. அவள் தன்னை முற்றிலும் தமக்கையின் கவனத்திற்கு ஒப்படைத்து நிற்கிறாள். இக்கதையின் முழுப் பாரமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பூவின் அழகில் மயங்கிய இளவரசன் மறைந்திருந்து இவ்வதிசயத்தைக் கண்டு, அவளை மணக்கிறான். மணந்த பின் அவனும் அவளை மரமாகும்படி கேட்கிறான், அவள் மறுத்துப் பார்க்கிறாள், அவன் விடுவதாயில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் குவிந்து வாடிக் கிடந்த பூக்களைக் கண்ட அவன் இளைய தங்கை, கமுக்கத்தை ஒளிந்திருந்து அறிந்துகொள்கிறாள்.

ஒடிந்த கிளைகள்

நாத்தனார் தன் தோழியரோடு விளையாடவென்று அண்ணியைச் சோலைக்கு அழைத்துச் செல்கிறாள். அது 'சுரஹொன்னெ' மரச்சோலை என்கிறது கன்னடக் கதை. சுரபுன்னை என்னும் தமிழ்ப் பெயரோடு அச்சொல்லுக்கு உள்ள உறவு காதுக்கே புலப்படும். அங்கே அவளை வற்புறுத்தி மரமாக்குகிறார்கள். நீர் ஊற்றும் நெறியை அவள் எடுத்துச் சொல்லியும் எவரும் செவிகொடுக்கவில்லை. பூவுக்குப் போட்டியிட்டுக் கிளைகளை ஒடிக்கிறார்கள். அந்நேரம் மழையும் இடியும் வர, இரண்டாம் குடத்து நீரை ஏனோதானோவென்று கொட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள்.

மரம் பெண்ணாகிறது; ஆனால் முழுமையாக அன்று. கையும் இல்லை, காலும் இல்லை. மழைநீர் அவளைக் கால்வாயில் அடித்துச் செல்கிறது. பருத்தி ஏற்றிச் செல்லும் வண்டிக்காரன் ஒருவன் முனகல் கேட்டு, தன் தலைப்பாகைத் துணியைப் போர்த்தி, அடுத்த நகரின் பாழ்மண்டபம் ஒன்றில் அவளை விட்டுச் செல்கிறான். கதையில் சில வரிகளே வரும் அந்த வண்டிக்காரனை எளிதில் மறக்க முடிவதில்லை. அவன் எதையும் கேட்கவில்லை; உடையற்றுக் கிடந்த உயிருக்கு முதலில் ஒரு துணியைத் தந்தான்.

அந்நகரின் அரசி இளவரசனின் மூத்த தமக்கை. தம்பி மனைவியின் சாயல் இருக்கக் கண்டு, அவளைக் கொணர்ந்து நீராட்டி, அலங்கரித்து, அரண்மனை வாயிலின்மேல் அமர்த்துகிறாள். மனைவியைத் தேடித் துறவிபோல் அலைந்த இளவரசனும் அங்கே வந்து சேர்கிறான். இருவரும் எதிர்ப்பட்டபோது, நடந்ததை அவள் தன் வாயால் சொல்கிறாள். முன்பு தன் விருப்பத்திற்காக நீர் ஊற்றியவன், இப்போது அவள் சொற்படி ஊற்றுகிறான். மரமானதும் ஒடிந்த கிளைகளை நிமிர்த்திக் கட்டுகிறான். பின்னர் மறு குடத்து நீர். அவள் முழுப் பெண்ணாக எழுகிறாள்.

பெண்ணை மையமாகக் கொண்ட கதைகளுக்குத் தனி இயல்பு உண்டு என்பது இராமானுசனின் முடிவு. ஆணை மையமாகக் கொண்ட கதைகள் பல திருமணத்தோடு முடிகின்றன. பெண்ணின் கதையிலோ துன்பமே திருமணத்திற்குப் பின்புதான் தொடங்குகிறது. தன் கதையைத் தானே எடுத்துச் சொல்லி, அதனைக் கேட்கச் செவி கிடைக்கும்போதுதான் அவள் மீள்கிறாள். தமிழில் பெண் பருவமடைதலைப் பூப்பு என்னும் சொல்லாலேயே குறிக்கிறோம். பூப்பதும் பெண்மையும் ஒன்றாக எண்ணப்பட்ட பண்பாட்டில், ஒடிக்கப்பட்ட கிளை எதனைக் குறிக்கிறது என்பதைப் பாட்டிமார் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மரமும் பெண்ணும் உடன்பிறந்தவர் என்பது தமிழுக்குப் புதிதன்று. நற்றிணையின் 172ஆம் பாடலில், சிறுமியர் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்து எழுகிறது. அவர்கள் அதற்கு நெய் கலந்த பாலூட்டி வளர்க்கிறார்கள். அம்மரம் உங்களுக்குத் தங்கை முறை என்கிறாள் தாய். அதனால் புன்னையின் நிழலில் தலைவனோடு நகைத்துப் பேசத் தலைவி நாணுகிறாள். நற்றிணையில் மரம் தங்கையாகிறது. கன்னடக் கதையில் தங்கை மரமாகிறாள்.

திரையிலும் அரங்கிலும்

இக்கதையை கிரீஷ் கர்னாட் 1992இல் 'செலுவி' என்னும் இந்தித் திரைப்படமாக்கினார். கிளை ஒடியும் வலியைக் காடழியும் வலியாகவும் காண வைத்தது அப்படம். இராமானுசனிடம் கேட்ட கதைகளைக் கொண்டு அவர் முன்னரே 'நாகமண்டலா' நாடகத்தைப் படைத்திருந்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

அடுத்த பயணம் நெடியது. இசைமேதை மோட்சார்ட் 1756இல் பிறந்தவர். அவரது 250ஆம் பிறந்த ஆண்டையொட்டி, 2006இல் வியன்னா நகரில் பீட்டர் செல்லர்ஸ் ஒரு கலைவிழாவை அமைத்தார். அவ்விழாவுக்கென அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ் 'பூக்கும் மரம்' கதையை இரண்டு அங்கங்கள் கொண்ட இசைநாடகமாக ஆக்கினார். மோட்சார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' 1791இல் அரங்கேறியதும் இதே நகரில்தான். அதிலும் காதலர் இருவர் சோதனைகளைக் கடந்தே ஒன்று சேர்கின்றனர். அந்த இணைப்பே ஆடம்ஸின் மனத்தில் இருந்தது.

நவம்பர் மாதத்தில் நிகழ்ந்தது அரங்கேற்றம். இசைக்குழுவினரும் சேர்ந்திசையினரும் வெனிசுவேலா நாட்டு இளைஞர்கள். ஆடியவர்கள் சாவகத் தீவின் மரபில் தேர்ந்த கலைஞர்கள். தனிப்பாடகர் ஆங்கிலத்தில் பாட, சேர்ந்திசை எசுப்பானியத்திலும் ஒலித்தது. இராமானுசன் மொழிபெயர்த்த பழந்தமிழ்க் காதற்பாடல்களின் வரிகளும் இடையிடையே இழைக்கப்பட்டிருந்தன. கன்னடக் கிழவியும் சங்கப் புலவரும் ஒரே மேடையில் சந்தித்தனர் எனலாம்.

இம்மாற்றத்தில் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அடுக்களைக் கதையில் பெயரின்றி இருந்தவள் வியன்னாவில் 'குமுதா' ஆனாள். அகக்கதை புறத்தே வரும்போது மாந்தர்க்குப் பெயர் வந்துவிடும் என இராமானுசன் கண்ட நெறி, அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் தொகுத்த கதையிலேயே மெய்யாயிற்று.

ஆயினும், பெயர் எல்லார்க்கும் கிடைத்துவிடவில்லை. இசைநாடகத்தில் தனிப்பாடகர் மூவரே: குமுதா, இளவரசன், கதைசொல்லி. கிளை ஒடித்த நாத்தனாருக்கும் அடைக்கலம் தந்த அரசிக்கும் தனிக்குரல் இல்லை. நகம் படாமல் நீர் கொணர்ந்து, தளிர் ஒடியாமல் பூக்கொய்த தமக்கைக்கும் இல்லை. வாய்மொழிக் கதையிலும் தங்கையின் திருமணத்திற்குப் பின் அவளைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. தாய் வீட்டில் அவள் என்ன ஆனாள் என்று கேட்கும் குழந்தைக்கு, கதை சொல்லும் பாட்டிதான் விடை சொல்ல வேண்டும்.