ஜீரோ பேலன்ஸ் என்றால், எதுவரைக்கும் என்று கேள்!

பெங்களூருக்குப் படிக்க வரும் தங்கைகளும் தம்பிகளும் என்னிடம் கேட்பது பி.ஜி. எங்கே நல்லது, மெஸ் எங்கே மலிவு என்பதுதான். பேங்க் அக்கவுண்ட் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு இங்கே வந்த புதிதில் வீணாய்ப் போன பணம் அதில்தான் போனது. அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

நான் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து எம்.சி.ஏ. படிக்க வந்தவள். கடைசி செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. கம்பெனியே ஒரு தனியார் வங்கியில் சம்பளக் கணக்கு திறந்து கொடுத்தது. "ஜீரோ பேலன்ஸ்மா, ஒண்ணும் பயமில்ல" என்றார் ஃபார்ம் வாங்க வந்தவர். ஜூனில் இன்டர்ன்ஷிப் முடிந்தது. மிச்சமிருந்த 4,200 ரூபாயை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அதிலேயே விட்டுவைத்தேன். அடுத்த சித்திரைக்கு ஊருக்குப் போக மடிவாளாவில் நின்று டிக்கெட் போட்டபோது, பணம் போதாது என்று போன் சொன்னது. ஸ்டேட்மென்டைத் திறந்தேன். மாதம் ஒரு வரி: 590, 590, 590. ஆறு மாதத்துக்கு ஆறு வரி. மிச்சம் 660 ரூபாய்.

590 என்ன கணக்கு தெரியுமா? அபராதம் 500, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 90. அந்த 'ஜீரோ பேலன்ஸ்' சம்பளம் வரும் வரைதான். தொடர்ந்து சில மாதம், பெரும்பாலும் மூன்று மாதம், சம்பளம் வராவிட்டால் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். மாறிய நாளிலிருந்து மினிமம் பேலன்ஸ் வேண்டும். எஸ்.எம்.எஸ். வந்துதான் இருந்தது. லோன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று வரும் மெசேஜ்களுக்கு நடுவே அதை நான் பார்க்கவில்லை.

கல்லூரி வளாகத்தில் திறந்து கொடுக்கும் ஸ்டூடண்ட் அக்கவுண்டும் இப்படித்தான். படிப்பு முடியும் வரை, அல்லது குறிப்பிட்ட வயது வரை என்று ஒரு எல்லை இருக்கும். ஆகவே கவுண்டரில் "ஜீரோ பேலன்ஸா?" என்று மட்டும் கேட்காதே. "எதுவரைக்கும்? அதுக்கப்புறம் எந்த அக்கவுண்டா மாறும்? அப்போ எவ்வளவு வைக்கணும்?" என்று மூன்றையும் கேள். கன்னடத்தில் கேட்டால் இன்னும் பொறுமையாகப் பதில் வரும்: "மினிமம் பேலன்ஸ் எஷ்டு இரபேகு சார்?"

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கணக்கு தொடங்கும்போது போடுகிற முதல் பணம் வேறு, மினிமம் பேலன்ஸ் வேறு. முதலில் பத்தாயிரம் போட்டுத் தொடங்கிவிட்டால் கடமை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீரவில்லை. பெரும்பாலான வங்கிகள் பார்ப்பது மாத சராசரி. தினமும் நாள் முடிவில் கணக்கில் இருக்கும் தொகையையெல்லாம் கூட்டி, அந்த மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். சராசரி 10,000 வேண்டும் என்றால் 30 நாள் மாதத்துக்குக் கூட்டுத்தொகை 3 லட்சம் வர வேண்டும். அப்பா செமஸ்டர் ஃபீஸுக்காக 30,000 அனுப்பி அது பத்து நாள் கணக்கில் கிடந்தாலே அந்த மாதம் தப்பித்தாய். மாதம் முழுக்க 9,000 அசையாமல் இருந்தால் தப்பிக்க முடியாது. தொகை வந்த அன்றே ஃபீஸ் கட்டுவதா, கடைசித் தேதிவரை வைத்திருப்பதா என்று முடிவெடுக்க இந்தக் கணக்கு உதவும்.

பெங்களூரு என்பதால் ஒரு விஷயம் கூடுதல். பல வங்கிகளில் மினிமம் பேலன்ஸ் தொகை கிளை இருக்கும் ஊரைப் பொறுத்தது. 2025 ஆகஸ்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி புதுக் கணக்குகளுக்கு மெட்ரோ, நகர்ப்புறங்களில் 50,000 ரூபாய் என்று உயர்த்தி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே 15,000 ஆகக் குறைத்தது. அதே வங்கியில் சிறு நகரங்களுக்கு 7,500, கிராமங்களுக்கு 2,500. அதனால் ஊரில் நல்ல கணக்கு இருந்தால் அதையே வைத்துக்கொள். யுபிஐ எந்த ஊர்க் கிளைக்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். அவசரப்பட்டு "கிளையை மாற்றித் தாருங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடாதே. மாற்றினால் மினிமம் பேலன்ஸ் மாறுமா என்று கேட்டுவிட்டு எழுது.

என்னைக் கேட்டால், மாணவர்களுக்கு முதல் கணக்கு பொதுத்துறை வங்கியில்தான் இருக்க வேண்டும். ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே மினிமம் பேலன்ஸ் அபராதத்தை எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் எடுத்துவிட்டது. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தலைமையகம் வைத்திருக்கும் கனரா வங்கி 2025 ஜூன் 1 முதல் எடுத்தது. அடுத்த மாதமே பஞ்சாப் நேஷனல் வங்கியும், நம் சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியன் வங்கியும் எடுத்தன. இது சின்ன விஷயமில்லை. 2019-20 முதல் ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இந்த அபராதமாக வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய் என்று 2024இல் மக்களவையில் அரசே சொன்னது. கணக்கில் பணம் குறைவாக இருந்தவர்களிடமிருந்து எடுத்த பணம் அது. எனக்கு இன்றும் இதை நினைத்தால் வயிறெரிகிறது.

எந்த வங்கியிலும் நீ கேட்டுப் பெறக்கூடியது ஒன்று இருக்கிறது: அடிப்படை சேமிப்புக் கணக்கு, அதாவது பி.எஸ்.பி.டி. அக்கவுண்ட். 2012இல் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் கட்டாயமாக்கியது. முதல் டெபாசிட் வேண்டாம், மினிமம் பேலன்ஸ் வேண்டாம், ஏ.டி.எம். கார்டு இலவசம், மாதம் குறைந்தது நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். அந்த நான்கில் யுபிஐயும் சேருமா என்று மட்டும் கேட்டுக்கொள். இந்தக் கணக்கு இருக்கும் வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. கவுண்டரில் தானாக யாரும் சொல்ல மாட்டார்கள், பெயரைச் சொல்லி நீதான் கேட்க வேண்டும்.

பி.ஜி. முகவரிக்கு ஆதாரம் இல்லையே என்று தயங்காதே. ஆதாரில் ஊர் முகவரி இருந்தாலும், ஆதார் மூலம் கே.ஒய்.சி. செய்யும்போது இப்போது தங்கியிருக்கும் முகவரியை நீயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க விதி இடம் கொடுக்கிறது. ஸ்காலர்ஷிப் வருகிறவர்கள் மட்டும் கவனம்: அந்தப் பணம் ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். புதுக் கணக்கு திறக்கும்போது ஃபார்மில் இருக்கும் ஆதார் இணைப்புக் கட்டத்தில் பார்க்காமல் டிக் அடித்துவிடாதே.

ஏற்கெனவே அபராதம் விழுந்திருக்கிறதா? 2015 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, பேலன்ஸ் குறைந்ததும் வங்கி உனக்குத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் தர வேண்டும். இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. கணக்கை மூடப் போகும்போது "மைனஸைக் கட்டினால்தான் மூடுவோம்" என்றால் இந்த விதியைச் சொல்லி எழுத்தில் புகார் கொடு, நகலில் முத்திரை வாங்கு. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் இலவசமாகப் போகலாம். 14448க்குப் போன் செய்தால் தமிழிலும் விளக்குவார்கள்.

நான் அன்றைக்கு இதெல்லாம் தெரியாமல் மிச்சமிருந்த 660 ரூபாயை எடுத்துக்கொண்டு கணக்கை மூடினேன். நீ இன்று ராத்திரியே பேங்க் ஆப்பைத் திறந்து உன் கணக்கின் வகை என்ன என்று பார். பெயர் புரியாவிட்டால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு நாளைக்கே கிளைக்குப் போய்க் கேட்டுவிடு.