மன்னிப்பும் பிராயச்சித்தமும்

பெங்களூருவின் எலெக்ட்ரானிக் சிட்டி, கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ் 1978-இல் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூரு கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் உருவாக்கிய தொழில் நகரம். அங்குப் பணிபுரியும் நம் இளைஞர்களுக்கு ஆங்கிலமே அலுவல் மொழி. பிழை நேர்ந்தால் ‘அப்பாலஜைஸ்’ என்ற வினையை எழுதுகிறார்கள். அது மன்னிப்புக் கேட்பதை மட்டுமே குறிக்கும். செய்த தவற்றைச் செயலால் ஈடுசெய்வதைக் குறிக்கும் வினை ‘அடோன்’.

‘அட்’, ‘ஒன்’ என்ற இரு சொற்கள் சேர்ந்து பிறந்தது இது. ‘ஒன்றாய் இருத்தல்’ என்பது மூலப்பொருள். ‘ஒன்’ என்பதன் பழைய உச்சரிப்பு ‘ஓன்’. ‘அலோன்’, ‘ஓன்லி’ ஆகிய சொற்களிலும் அது எஞ்சியுள்ளது. பிரிந்தவர்கள் மீண்டும் இணைவதைக் குறித்த சொல், பின்னர் அவ்விணைப்புக்காகச் செய்யும் பரிகாரத்தைக் குறிக்கலாயிற்று.

பயன்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. இவ்வினைக்குப் பின் ‘ஃபார்’ வரும். அதன் பிறகே குற்றத்தின் பெயர் வரும். கடிதம் தாமதமானது போன்ற சிறு பிழைகளுக்கு இச்சொல் பொருந்தாது. மனத்தை உறுத்தும் தவறுகளுக்கே உரியது.

நம் மொழியில் இதற்கு நெருங்கியது ‘கழுவாய்’. புறநானூற்றின் 34-ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார் இச்சொல்லை ஆள்கிறார். கொடிய பாவங்களுக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவர்க்கோ உய்வில்லை என்பது அவர் கருத்து. வடமொழிச் சொல் ‘பிராயச்சித்தம்’. ‘பிராயம்’ என்பது தவம், ‘சித்தம்’ என்பது உறுதி என்று சாத்திரங்கள் விளக்கும். அதாவது, வருத்தத்துடன் ‘இனிச் செய்யேன்’ என்ற உறுதியும் வேண்டும்.

காந்தியடிகளின் சுயசரிதையில் இதற்குச் சிறந்த விளக்கம் கிடைக்கிறது. அவர் ‘பிராயச்சித்தம்’ என்று குஜராத்தியில் தலைப்பிட்டதை ஆங்கில மொழிபெயர்ப்பு ‘அடோன்மென்ட்’ என்றது. பதினைந்து வயதில் கடனைத் தீர்ப்பதற்காக அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து சிறிது பொன்னை எடுத்தார் அவர். மனம் பொறுக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை வேண்டி, இனித் திருடுவதில்லை என்று உறுதிகூறிக் கடிதம் எழுதி, நோயுற்றிருந்த தந்தையிடம் தாமே கொடுத்தார். படித்த தந்தை கண்ணீர் சிந்தினார். கடிதத்தைக் கிழித்துப் போட்டார். தண்டிக்கவில்லை. தந்தையும் மகனும் முன்னிலும் நெருங்கினர். ‘ஒன்றாதல்’ என்ற மூலப்பொருள் அங்கே நிறைவேறிற்று.

‘மன்னிக்கவும்’ என்பதை ஒரு நொடியில் சொல்லிவிடலாம். உண்மையை மறைக்காமல் கூறுதல், விளைவை ஏற்றல், இழப்பை ஈடுசெய்தல், மீண்டும் செய்யாதிருத்தல் ஆகிய நான்கும் சேரும்போதுதான் பிராயச்சித்தம் முழுமை பெறும். நாம் கேட்ட மன்னிப்புகளில் எத்தனை இந்த நான்காம் படியை எட்டின என்று இன்றிரவு எண்ணிப் பார்ப்போம்.