மனநோய் கிளினிக்கில் என்ன கேட்க வேண்டும்?



சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக் போக நாம் வெட்கப்படுவதில்லை. மனசுக்கு வருத்தம் என்றால் மட்டும் "அங்கொடைக்கு அனுப்பிடுவாங்க" என்று பயம் வருகிறது. பயத்துக்குக் காரணமும் இருந்தது. நீண்ட காலமாக மனநோயாளருக்கான கட்டில்களில் பெரும்பாலானவை கொழும்புப் பக்கத்தில் அங்கொடை, முல்லேரியாவிலேயே இருந்தன.

நம்மைப் போலவே பட்டணத்துக்குத் தூரமான வெருகலைப் பாருங்கள். திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு எல்லையில் உள்ள பிரிவு அது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி. 2006இல் மாவிலாற்றோடு தொடங்கிய யுத்தத்தில் சனங்கள் வாகரை, மட்டக்களப்பு என்று இடம்பெயர்ந்தார்கள். திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கிண்ணியா வழியாகப் போக, 2009இல் அங்கே பாலம் திறக்கும் வரை படகுப் பாதையில் ஏற வேண்டியிருந்தது. அங்கே ஒருவர் மாதா மாதம் மருந்து எடுப்பது எப்படி? நமக்கும் அதே கதைதான். கிளினிக் போனால் அன்றைய பேர் இல்லை.

அரசாங்கம் 2005இல் ஏற்ற மனநலக் கொள்கை, வைத்தியத்தை மாவட்டத்துக்கும் ஊருக்கும் கொண்டுவரச் சொன்னது. நிபுணர் இல்லாத இடத்தில், மூன்று மாதம் பயிற்சி எடுத்த மனநல வைத்திய அதிகாரி கிளினிக் நடத்துவார். சுனாமி அடித்த மாவட்டங்களில் ஊர் ஆட்களையே பயிற்றி வீடுகளுக்கு அனுப்பினார்கள். எங்கள் எண்ணத்தில் இதுதான் பெரிய காரியம். மருந்தை விட்டவரை வீடு தேடிப் போக ஓர் ஆள் வேண்டுமே!

கிட்ட இருந்தால் மட்டும் அது நல்ல கிளினிக் ஆகிவிடாது. மன வருத்தத்தைப் பெரும்பாலும் இரத்தம் சோதித்துக் கண்டுபிடிக்க ஏலாது. நோயாளியும் வீட்டாரும் சொல்லும் கதைதான் சோதனை. டொக்டருக்குத் தமிழ் விளங்காவிட்டால் சோதனையே நடக்கவில்லை என்று அர்த்தம். ஆகவே தமிழ் தெரிந்த தாதியையோ ஊழியரையோ கூப்பிடும்படி கேளுங்கள். கேட்பது குற்றமில்லை. வரிசையில் எல்லோர் முன்னாலும் சொல்ல முடியாததைத் தனியாகச் சொல்லவும் கேட்கலாம். பிள்ளைகளையோ பக்கத்து லயத்து ஆளையோ மொழிபெயர்க்க விடாதீர்கள்.

அடுத்தது குளிசை. மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். பலர் இரண்டாம் கிழமையிலேயே "ஒன்னும் பிரயோசனமில்ல" என்று வீசிவிட்டு உடுக்கடிக்கப் போய்விடுகிறார்கள். பூசை வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை, குளிசையும் நடக்கட்டும். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் எடுக்க வேண்டும். குரல் கேட்கும் நோய்க்கு இன்னும் கூடுதல் காலம். கை நடுங்கினால், உடம்பு விறைத்தால் நிறுத்தாமல் உடனே போய்ச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். தினமும் விழுங்க மறப்பவருக்கு மாதமொரு ஊசி பொருந்துமா என்றும் கேட்கலாம். மருந்து முடிந்துவிட்டது என்றால் வெறுங்கையோடு திரும்பாமல், எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று துண்டில் எழுதி வாங்குங்கள்.

சாக வேண்டும் என்று யாராவது சொன்னால் கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். தனியே விடாமல், மருந்தடிக்கும் சாமானை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி 1926, இரவிலும் எடுக்கலாம்.