கதையா, புதிரா?

கணினித் திரையில் ஒரு காட்சி. கதவு, பெட்டி, மனிதர் என எதையாவது சுட்டியால் தொட்டுச் சொடுக்கினால் கதை நகரும். இடையிடையே புதிர் வரும். அதை விடுவித்தால்தான் அடுத்த காட்சி. 1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் புகழ்பெற்ற சாகச விளையாட்டுகள் இவை. இவற்றில் கதை பெரிதா, புதிர் பெரிதா என்பது பழைய வழக்கு.

இரண்டும் ஒட்டாவிட்டால் என்ன ஆகும்? 1991இல் வந்த 'மங்கி ஐலண்ட்' இரண்டாம் பாகத்தில், அருவியை நிறுத்த ஒரு வால்வைத் திருக வேண்டும். அதற்குக் கருவி ஒரு குரங்கு! அமெரிக்காவில் ஒருவகைத் திருகு கருவிக்கு 'மங்கி ரெஞ்ச்' என்று பெயர். அந்தச் சிலேடைதான் விடை. ரயில்வேயில் நாங்கள் ஸ்பானர் என்றே சொல்லிப் பழகியவர்கள். அந்தச் சொல் தெரியாதவருக்குக் கதை அங்கேயே நின்றுவிடும். இதை உருவாக்கிய ரான் கில்பர்ட், புதிர் கதையை முன்னே கொண்டுசெல்ல வேண்டும் என்று 1989இலேயே கட்டுரை எழுதியவர். அவருக்கே இது எளிதாக இல்லை.

இவ்வழக்குக்கு நல்ல தீர்ப்பு தமிழர் சமையலறையிலிருந்து வந்தது. கனடாவின் டொராண்டோ நகரில் விசை கேம்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', 1980களில் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். வெண்பா தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டைக் கொண்டுவந்திருக்கிறாள். பல வரிகள் அழிந்துவிட்டன. விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதே புதிர். இட்லித் தட்டுகளை ஆவி போகும்படி எப்படி அடுக்குவது என்று யோசிக்க வேண்டும். கை செய்யும் வேலையும் மனம் படும் பாடும் இங்கே ஒன்றே. வளர்ந்த கவின் அதே குறிப்பைத் தமிழில் படிக்கத் திணறும்போது, அவன் தடுமாற்றமே புதிராகிறது. 2024இல் இது பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது.

ஹனூரில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து வளரும் நம் பிள்ளைகளுக்கும் கவினின் நிலை வரலாம். ஆகவே பெற்றோருக்கு ஒரு பயிற்சி: பாட்டியின் ஒரு சமையல் குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். ஒரு படியை மட்டும் விட்டுவிடுங்கள். அது என்ன, ஏன் என்று பிள்ளைகள் பாட்டியிடமே கேட்டுக் கண்டுபிடிக்கட்டும். புதிர் விடுபடும்போது பாட்டியின் கதையும் கூடவே வந்து சேரும்.